ஞானி மையா சேனும் குசுண்டா மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு நேபாளத்தின் டாங் மாவட்டத்தில், லமஹி நகராட்சியைச் சேர்ந்த குல்மோர் என்னும் ஊரில் வாழ்ந்த ஞானி மையா சேன் குசுண்டா என்ற மூதாட்டி, 2020 ஜனவரியில், ஏறத்தாழ 83 வயதில் காலமானார். ‘ஒரு மொழியைக் கடைசியாகப் பேசியவர்’ என்ற ஒற்றை வரியில் அவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. அந்த வரி முழுவதும் சரியன்று என்பதும், அவருடைய வாழ்க்கை அந்த வரிக்குள் அடங்காது என்பதும் இதை எழுதக் காரணங்கள்.

குசுண்டா மக்கள் யார்? எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நேபாளத்தின் நடுப்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் உள்ள நடுமலைக் காடுகளில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த சிறு மக்கள் கூட்டத்தார் குசுண்டாக்கள். இன்று அவர்கள் டாங், பியூட்டான், ரோல்பா, சுர்கேத், தனஹுன், கோர்க்கா போன்ற மாவட்டங்களில், ஓர் ஊருக்கு ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் என்று சிதறி வாழ்கிறார்கள். ‘குசுண்டா கிராமம்’ என்று சுட்டிக் காட்டும்படியான ஊர் கிடையாது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 164 பேரும், 2011இல் 273 பேரும், 2021இல் 253 பேரும் தம்மைக் குசுண்டா என்று பதிந்துகொண்டனர். இவர்களுள் குசுண்டாவைத் தாய்மொழியாகக் கூறியவர்கள் 2011இல் 28 பேர் மட்டுமே. தாய்மொழி என்று பதிந்துகொள்வதற்கும் அதில் சரளமாக உரையாடுவதற்கும் இடையே பெரிய தொலைவு உண்டு என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘குசுண்டா’ என்பது அவர்கள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயரா?

இல்லை. அது மற்றவர்கள் வைத்த பெயர்; அதிலும் இழிவாக வழங்கிய பெயர். நேபாளியில் அந்தச் சொல்லுக்குக் காட்டுமிராண்டி என்ற வசைப்பொருள் ஒட்டிக்கொண்டிருந்ததால், பலர் அதைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்லவே கூசினார்கள். தம் மொழியில் அவர்கள் தம்மை ‘மிஹாக்’ என்பர். நேபாளியில் பேசும்போது ‘பன் ராஜா’, அதாவது காட்டின் அரசர், என்று சொல்லிக்கொள்வதும், தாகூரி என்ற அரசகுலப் பெயரைச் சூடிக்கொள்வதும் உண்டு. சேன், சாஹி, சிங், கான் ஆகியவை அவர்களின் குலப்பெயர்கள். நேபாளத்தின் பழைய குறுநில மன்னர் மரபுகளிலும் காணப்படும் பெயர்கள் இவற்றில் இருப்பதால், காடு எங்களுக்கு நாடு என்ற உரிமைக்குரல் இந்தப் பெயர்களிலேயே ஒலிக்கிறது. ஞானி மையாவின் பெயரிலுள்ள ‘சேன்’ என்பதும் அப்படி வந்ததே. இறுதிக் காலத்தில் அவர் ‘குசுண்டா’ என்ற சொல்லையும் பெயரின் பின்னே சேர்த்துக்கொண்டே அறியப்பட்டார். வசையாக எறியப்பட்ட சொல், அவருடைய தலைமுறையின் முடிவில் அடையாளச் சொல்லாக மாறியிருந்தது.

அவர்களுடைய காட்டு வாழ்க்கை எப்படி இருந்தது?

ஓரிடத்தில் நிலைத்துத் தங்காத வாழ்க்கை அது. மரக்கிளைகளைச் சாய்த்து, இலைதழை வேய்ந்து, சில நாள்களுக்கு மட்டும் ஒரு சாய்ப்பு அமைப்பார்கள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். உடும்பும் காட்டுக்கோழி முதலான பறவைகளும் முதன்மையான வேட்டை. ‘தருல்’ என்று நேபாளத்தில் வழங்கும் காட்டு வள்ளிக்கிழங்கு, கிடைக்கும் பருவத்தில், அன்றாட உணவு. தானியம் வேண்டுமென்றால் அருகிலுள்ள ஊர்களுக்கு வந்து, இறைச்சி கொடுத்தோ கேட்டுப் பெற்றோ திரும்புவார்கள்.

அவர்களுடைய வில்லும் அம்பும் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. அம்பு நேராகப் பறப்பதற்காக அதன் வாலில் இறகு கட்டுவது உலகின் பல பகுதிகளிலும் உள்ள வழக்கம்; குசுண்டாக்களின் அம்பில் இறகு கிடையாது. நீண்ட வில்லும் இறகில்லா அம்பும் கொண்டே அவர்கள் பறவைகளை வீழ்த்தினார்கள். அடர்ந்த காட்டில் வேடனுக்கும் விலங்குக்கும் இடையே உள்ள தொலைவு சில அடிகள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இறகில்லாத அம்பு ஒரு குறையாகத் தோன்றாது.

ஞானி மையா இந்த வாழ்க்கையைக் கதையாகக் கேட்டவர் அல்லர், சிறுவயதில் வாழ்ந்தவர். பின்னாளில் அவரிடம் மொழியைக் கேட்டுப் பதிந்தவர்களுக்கு வேட்டை, கிழங்கு, காடு ஆகியவற்றைப் பற்றிய சொற்கள் வெறும் பட்டியலாகக் கிடைக்காமல், பயன்பாட்டோடு சேர்ந்து கிடைத்தமைக்கு இதுவே காரணம்.

காட்டை அவர்கள் ஏன் விட்டார்கள்?

காட்டை அவர்கள் விட்டார்கள் என்பதைவிட, காடு அவர்களை விட்டு விலகியது என்று சொல்வதே பொருந்தும். 1957இல் நேபாள அரசு தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. காட்டில் வாழ்வதும் வேட்டையாடுவதும் அதுவரை எவரும் எழுதிவைக்காத உரிமையாக இருந்தது. அதற்குப் பின் அது அரசு நிலத்தில் நுழைவதாக மாறத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1958இல், மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அதுவரை காய்ச்சலுக்கு அஞ்சி மலைமக்கள் குடியேறத் தயங்கிய டாங் போன்ற தாழ்நிலப் பள்ளத்தாக்குகளில் பெருமளவில் மக்கள் வந்து குடியேறினார்கள். காடு திருத்தி வயலாக்கப்பட்டது. மலேரியா ஒழிந்தது பலருக்கு நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டை மட்டுமே நம்பியிருந்த சிலருக்கு, நுளம்பு ஒருவகைக் காவலாக இருந்திருக்கிறது.

காடு சுருங்கியபோது குசுண்டாக்களிடம் நிலப் பட்டா இல்லை, உழவுப் பழக்கம் இல்லை, கால்நடை இல்லை. ஊர்களின் ஓரத்தில் கூலி வேலை செய்துதான் அவர்களில் பெரும்பாலோர் நிலையான வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

மொழி எப்படிக் கைவிட்டுப் போனது?

பள்ளியில் தடை செய்தார்கள், அரசு அடக்கியது என்று சொல்லக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பதில் சற்று வேறாக இருக்கும். குசுண்டாக்கள் தம் குலத்துக்குள் மணம் செய்வதில்லை. கூட்டம் பெரிதாக இருந்தவரை இது தடையாக இல்லை. ஒரு சேன் குடும்பம் ஒரு சாஹி குடும்பத்தில் பெண் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் சில குடும்பங்களாகச் சுருங்கி, அந்தக் குடும்பங்களும் பல நாள் நடைத் தொலைவில் சிதறியபோது, மணம் செய்துகொள்ளத்தக்க உறவு இல்லாமல் போயிற்று. அதனால் பிற சாதியாரோடு மணம் செய்தார்கள். கணவன் ஒரு மொழி, மனைவி ஒரு மொழி என்றான வீட்டில், இருவருக்கும் பொதுவான நேபாளியே பிள்ளைகளின் மொழியாயிற்று. வீட்டில் எவரும் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. திருமணம் செய்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இதனோடு அந்தப் பெயரால் வந்த இழிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சந்தையில் வாய் திறந்து தன் மொழியில் பேசினால் ‘குசுண்டா’ என்று தெரிந்துவிடும். அது தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர் பிள்ளைக்கு அந்த மொழியைக் கற்றுக்கொடுக்கமாட்டார்.

இந்த மொழி இறந்துவிட்டது என்று முன்பே அறிவித்துவிட்டார்களாமே?

ஒருமுறை அன்று, பலமுறை. காத்மாண்டுவில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்சன் 1848இல் வெளியிட்ட கட்டுரையில், நேபாளப் பள்ளத்தாக்குக்கு மேற்கேயுள்ள அடர்காட்டில் எஞ்சி வாழும் இரு சிதறிய கூட்டங்களாகச் சேபாங்குகளையும் குசுண்டாக்களையும் குறிப்பிட்டார். அப்போதே அவர்கள் முற்கால மக்கள்தொகை ஒன்றின் மிச்சம்போலத் தோன்றுவதாக அவர் எழுதினார். 1857இல் ஒரு சொற்பட்டியலும் அவர் வழியாக வெளிவந்தது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் எவரும் அதைத் தொடரவில்லை.

1968, 1969 ஆண்டுகளில் யோஹான் ரைன்ஹார்ட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கோர்க்கா, டாங் பகுதிகளில் சில குசுண்டாக்களைத் தேடிக் கண்டுபிடித்தார். சுயேயோஷி தோபாவுடன் சேர்ந்து 1970இல் சொற்களும் இலக்கணக் குறிப்பும் அடங்கிய ஒரு சிறு தொகுப்பை வெளியிட்டார். (அதே ரைன்ஹார்ட்தான் 1995இல் பெரு நாட்டின் பனிமலை உச்சியில் இன்கா சிறுமியின் உறைந்த உடலைக் கண்டெடுத்து உலகப்புகழ் பெற்றவர். அவருடைய குசுண்டா வேலையை அறிந்தவர்கள் மிகக் குறைவு.) அதற்குப் பிறகு, 1980களில், மொழி அழிந்துவிட்டது என்றே அறிஞர் பலர் கருதினார்கள். அப்போது ஞானி மையா நடுவயதினராக, டாங் மாவட்டத்தில் உயிரோடு இருந்தார். கேட்கத்தான் எவரும் போகவில்லை.

2004ஆம் ஆண்டில் என்ன நடந்தது?

ஓர் அரசாங்கத் தாளுக்காக நடந்த அலைச்சல், மொழியியலுக்குப் பெரிய பேறாக முடிந்தது. குசுண்டாக்களில் பலரிடம் நேபாளக் குடியுரிமைச் சான்று இல்லை. அந்தச் சான்று இல்லாமல் நிலம் பதிவதும் அரசு உதவி பெறுவதும் கடினம். திரிபுவன் பல்கலைக்கழகத்தின் வழியாக அவர்களுக்குச் சான்று பெற்றுத்தர எடுத்த முயற்சியில், சில குசுண்டாக்கள் காத்மாண்டுவுக்கு வந்தார்கள். அவர்களின் குடும்பங்களில் மொழி இன்னும் உயிரோடு இருப்பது அப்போதுதான் தெரியவந்தது.

ஞானி மையா சேன், பிரேம் பகதூர் சாஹி, கமலா ஆகிய மூவருடன் டேவிட் வாட்டர்ஸ் என்ற மொழியியலாளர் அந்த ஆண்டில் அமர்ந்து பணியாற்றினார். வாட்டர்ஸ் ரோல்பா பக்கத்து காம் மொழியின் இலக்கணத்தை எழுதி 2002இல் வெளியிட்டிருந்தவர்; அந்த மலைகளின் பேச்சு அவருக்குப் புதிதன்று. நேபாள அறிஞர்களான யோகேந்திர பிரசாத் யாதவா, மாதவ் பிரசாத் போக்ரேல் ஆகியோரும் இந்தப் பணியில் இருந்தார்கள். மூவருள்ளும் சரளத்தில் மேம்பட்டு நின்றவர் ஞானி மையா. அதன் விளைவாக வந்த இலக்கண நூல்தான் குசுண்டாவைப் பற்றி இன்றுவரை முதலில் எடுத்துப் புரட்டப்படும் நூல்.

‘தகவலாளி’ என்ற சொல்லை ஆய்வு நூல்கள் எளிதாகப் பயன்படுத்திவிடுகின்றன. ஆனால் பல்லாண்டுகளாக உரையாட ஆளில்லாமல் நெஞ்சில் கிடந்த ஒரு மொழியை, ‘நான் நேற்றுப் பார்த்தேன், நான் நாளைப் பார்ப்பேன், அவன் பார்த்திருந்தால்’ என்று வரிசைப்படி மாற்றி மாற்றிச் சொல்லும்படி நாள்தோறும் கேட்டால், அதைச் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பது பேராசிரியர் வேலைக்குக் குறைந்ததன்று.

குசுண்டா எந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது?

எதையும் சேர்ந்ததன்று. சுற்றிலும் ஒருபுறம் நேபாளி போன்ற இந்தோ ஆரிய மொழிகளும், மறுபுறம் மகர், காம், சேபாங் போன்ற திபெத்திய பர்மிய மொழிகளும் இருக்க, நடுவே இது மட்டும் உறவின்றி நிற்கிறது. இத்தகையதைத் தனிமொழி என்பர். தெற்காசியாவில் வட பாகிஸ்தானின் புருஷாஸ்கியும், மகாராட்டிர, மத்தியப் பிரதேச எல்லையிலுள்ள நிகாலியும் இதே வகையில் வைத்துப் பேசப்படுபவை. இந்தோ ஆரிய மொழிகளும் திபெத்திய பர்மிய மொழிகளும் இமயமலைப் பகுதிக்கு வருவதற்கு முன்பே அங்கிருந்த மக்களின் பேச்சு இதில் எஞ்சியிருக்கலாம் என்ற கருத்து இதனால்தான் எழுகிறது.

தமிழோடு, திராவிட மொழிகளோடு உறவு உண்டா?

இல்லை. உறவு இருப்பதாகக் காட்டும் எந்தச் சான்றும் கிடையாது. நேபாளத்தில் திராவிட மொழியே இல்லையா என்று கேட்டால், உண்டு: கிழக்குத் தராய் சமவெளியில் பேசப்படும் குடுக் மொழி தமிழுக்கு உறவு. ஆனால் அதற்கும் குசுண்டாவுக்கும் தொடர்பில்லை. இரண்டும் நாட்டின் எதிரெதிர்ப் பகுதிகளைச் சேர்ந்தவை.

அந்தமான் மொழிகளோடு தொடர்புபடுத்திய கட்டுரை ஒன்றைச் சிலர் படித்திருக்கக்கூடும். 2004இல் மெரிட் ரூலன் உள்ளிட்ட நால்வர், குசுண்டாவில் நான், நீ, அவன் என்பவற்றைக் குறிக்கும் சொற்களை அந்தமானின் ஜுவோய் முதலிய மொழிகளின் அத்தகைய சொற்களோடு ஒப்பிட்டு, அந்தமான் முதல் நியூகினி வரை பரந்த ஒரே பெருங்குடும்பத்தில் இதையும் சேர்த்தார்கள். பழைய, குறைபட்ட சொற்பட்டியல்களை நம்பியதாலும், ஓரிரு ஒலிகள் மட்டுமே கொண்ட குறுஞ்சொற்களில் தற்செயல் ஒற்றுமை மிக எளிது என்பதாலும், மொழியியலாளரில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில்தான் ஞானி மையா காத்மாண்டுவில் அமர்ந்து முழு வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மொழியின் அமைப்பில் குறிப்பிடத்தக்கது என்ன?

முதலில் ஒலி. அண்டை மொழியான நேபாளியிலும், நம் தமிழிலும், நாவை மடித்து மேலண்ணத்தில் தொடும் ட, ண போன்ற ஒலிகளுக்கும் நுனிநாக்கு ஒலிகளுக்கும் தெளிவான வேறுபாடு உண்டு. குசுண்டாவில் அந்த வேறுபாடு இல்லை. அதற்கு மாறாக, ககரத்தைவிட இன்னும் உள்ளே, உள்நாக்கை ஒட்டி எழும் ஒலிகள் அதில் உண்டு. ‘மிஹாக்’ என்பதன் இறுதியில் வருவது அத்தகைய ஒலியே, தமிழ் எழுத்தில் அதைச் சரியாகக் காட்ட வழியில்லை.

அடுத்தது வினைச்சொல். ‘சி’ என்றால் நான். ‘நு’ என்றால் நீ. தமிழில் யார் செய்தது என்பதை வினையின் வாலைப் பார்த்து அறிகிறோம்: வந்தேன், வந்தாய், வந்தான். குசுண்டாவின் ஒருவகை வினைகளில் இது தலைப்பக்கம் நிற்கிறது. தகர ஒலியோடு தொடங்கினால் தன்மை, நகர ஒலியானால் முன்னிலை, ககர ஒலியானால் படர்க்கை. வினையின் முதல் ஒலி காதில் விழும்போதே ஆள் யார் என்று தெரிந்துவிடும். தமிழில் வாக்கியத்தின் கடைசி அசை வரை காத்திருக்கும் நமக்கு இது விந்தையாக இருக்கும்.

தண்ணீருக்குத் ‘தாங்’ என்பது சொல். 1857இல் ஹாட்சன் வெளியிட்ட பட்டியலிலும் இதே சொல்தான். ஞானி மையாவின் வாயிலும் இதே சொல்தான்.

‘இல்லை’ என்ற சொல்லே இல்லாத மொழி என்கிறார்களே, உண்மையா?

செய்தி ஏடுகளில் மிகவும் பரவிய கூற்று இது. ஒரு மாயத்தன்மையோடு சொல்லப்படுவதால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. குசுண்டாக்களால் மறுக்க முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ‘ஆம்’, ‘இல்லை’ என்பவற்றுக்கு நேரான தனிச் சொற்கள் கிடையாது. மறுப்பு வினைச்சொல்லின் வடிவத்துக்குள் அடங்கிவிடுகிறது. தேநீர் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால், குடித்தல் என்ற வினையையே, அது நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று காட்டும் வடிவில் சொல்வார்கள். நடந்தது, நடப்பது என்று பேசுபவர் உறுதியாக அறிந்தவற்றுக்கு ஒரு வடிவம். நடக்காதது, இனி நடக்கக்கூடியது ஆகியவற்றுக்கு மற்றொரு வடிவம். சில வினைகளில் இந்த மாற்றம் தனி ஒட்டு எதுவும் இல்லாமல், ஒலியே தொண்டைப்பக்கமாக உள்வாங்குவதால் காட்டப்படுகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமானதன்று. ‘வாரேன்’, ‘உண்ணேன்’, ‘செய்யான்’ என்ற பழைய வடிவங்களை எண்ணிப் பாருங்கள். உண் என்ற பகுதியும் ஏன் என்ற விகுதியும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. மறுப்பைச் சொல்லும் உறுப்பு எங்கே? எதிர்மறை ஆகார இடைநிலை கெட்டது என்று இலக்கண ஆசிரியர்கள் கணக்கு நேர்செய்தார்கள். தோன்றாமலே நின்று மறுக்கும் ஒன்று நம் மொழியிலும் உண்டு. வரலாற்று உறவு இல்லாத இரு மொழிகள் ஒத்த வழியொன்றில் நடந்தன என்பதற்கு மேல் இதில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை.

இடம், வலம் ஆகியவற்றுக்கும் அதில் தனிச் சொற்கள் இல்லை. ‘இந்தப் பக்கம்’, ‘அந்தப் பக்கம்’ என்றே சொல்வார்கள்.

அவரைக் ‘கடைசிப் பேச்சாளர்’ என்பது சரியா?

இந்தப் பட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் அதன் நம்பகத்தன்மை விளங்கும். 2012இல் உலகச் செய்தி நிறுவனங்கள் ஞானி மையாவை எஞ்சியுள்ள ஒரே சரளப் பேச்சாளர் என்று அறிவித்தன. புனி தாகூரி என்ற மற்றொரு மூதாட்டி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்திருந்தார். அவருடைய மகள் கமலா கத்ரி வேலை தேடி வெளிநாடு சென்றிருந்தார். எனவே அந்த அறிவிப்பின்படி ‘ஒரே பேச்சாளர்’ என்பது நாட்டுக்குள் இருப்பவரை மட்டுமே குறித்தது. பிழைப்புக்காக எல்லை கடந்த ஒருவர் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார். கமலா திரும்பி வந்தார்; 2020இல் ஞானி மையா மறைந்தபோது ‘கடைசி’ என்ற பட்டம் அவர் தோளுக்கு மாறியது.

ஞானி மையாவின் சொந்த வருத்தம் வேறுவிதமானது. தமக்கு நேபாளி தெரிந்திருப்பதால் பிழைப்பு நடக்கிறது, ஆனால் தம் மக்களோடு தம் மொழியில் பேச முடியவில்லையே என்பதுதான் துயரம் என்று அவர் 2012இல் செய்தியாளரிடம் கூறினார். மொழி அழிவதைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை. பேச்சுத்துணை இல்லாததைப் பற்றியும் பேசினார்.

அந்தமானில் போ மொழியைப் பேசிய போவா மூதாட்டி 2010 ஜனவரியில் இறந்ததை இந்திய ஏடுகளில் படித்தவர்கள் இரண்டையும் ஒப்பிடுவது இயல்பு. அங்கே அவரோடு மொழியும் முடிந்தது. இங்கே அப்படி ஆகவில்லை என்பதுதான் வேறுபாடு.

இங்கே ஏன் அப்படி ஆகவில்லை?

வந்து போன அறிஞர்களைத் தவிர, கூடவே இருந்தவர்களும் இருந்ததால். மொழியியல் மாணவராக இருந்த போஜராஜ் கௌதம் நீண்ட களப்பணியில் ஞானி மையாவின் பேச்சைப் பதிந்தார். அந்த மொழியை ஓரளவு பேசவும் கற்றார். டாங்கைச் சேர்ந்த ஆசிரியரான உதயராஜ் ஆலே குசுண்டா இனத்தவர் அல்லர். ஆயினும் ஆண்டுக்கணக்கில் மூதாட்டியிடம் வந்து அமர்ந்து, சொற்களைக் கேட்டு எழுதி, குசுண்டாக்களைப் பற்றிய விவரங்களும் அகராதியும் சேர்ந்த நூலை 2017இல் வெளியிட்டார். பின்னர் டிம் போட் என்ற மொழியியலாளரோடு சேர்ந்து புதிய பதிவுகளையும் செய்தார்.

ஓர் ஆராய்ச்சியாளர் மூன்று மாதம் தங்கி எழுதும் இலக்கணமும் தேவை. அதே மாவட்டத்தில் இருந்துகொண்டு, விடுமுறை நாளில் சென்று, ‘பாட்டி, இதற்கு என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்பவரும் தேவை. இரண்டாமவர் அமைவது பெரும்பாலும் தற்செயல். குல்மோருக்கு அந்தத் தற்செயல் வாய்த்தது.

அரசு என்ன செய்தது?

நேபாளத்தின் பழங்குடி இனங்களுள் மிகவும் அருகிவிட்டவை என்று பிரிக்கப்பட்ட பத்தில் குசுண்டாவும் ஒன்று. ராவுட்டே, பன்கரியா, ஹாயு ஆகியவை அந்த வரிசையில் உள்ள வேறு சில. அருகிவரும் இனத்தார்க்கு அரசு மாதாந்தர உதவித்தொகை வழங்குகிறது. முன்பு ‘குசுண்டா’ என்று சொல்லக் கூசியவர்கள் இன்று அப்படிப் பதிவதில் இந்த உதவித்தொகைக்கும் பங்கு உண்டு என்று கூறினால் தவறாகாது; அதில் நகைக்க எதுவும் இல்லை. பெயரால் இழந்ததைப் பெயராலேயே சிறிது பெறுகிறார்கள்.

மொழிக்கென நடந்தது பின்னர்தான். 2016இல் அமைந்த நேபாள மொழி ஆணையத்தின் ஆதரவோடு 2019இல் டாங்கில் குசுண்டா வகுப்புகள் தொடங்கின. ஞானி மையா மறைவதற்குச் சில மாதங்களே இருந்த நேரம் அது.

இப்போது அந்த மொழியை யார் கற்கிறார்கள்?

தொலைவான மாவட்டங்களில் தனித்தனியாக வளர்ந்த குசுண்டாப் பிள்ளைகள், டாங்கிலுள்ள ஒரு பள்ளியின் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பகலில் மற்ற மாணவர்களோடு சேர்ந்து நேபாளப் பாடத்திட்டம். பள்ளி நேரத்துக்கு வெளியே குசுண்டா மொழி. உதயராஜ் ஆலேயும் கமலா கத்ரியும் கற்பிக்கிறார்கள். சிதறிக் கிடந்ததால் நலிந்த மொழிக்குப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்ததே பாதி மருந்து என்பது என் கருத்து. வேறு மாவட்டத்திலிருந்து வந்த இன்னொரு குசுண்டாப் பிள்ளையை அவர்களில் சிலர் முதன்முறையாகச் சந்திப்பதே அந்த விடுதியில்தான்.

இவர்கள் சரளமாகப் பேசும் தலைமுறையாக வளர்வார்களா என்றால், வகுப்பறையில் கற்ற மொழி வீட்டு மொழியாக மாறுவது எங்கும் அரிது. பள்ளி முடித்தபின் வேலை காத்மாண்டுவிலோ வளைகுடாவிலோதான் கிடைக்கும். ஆனால் இந்த மொழியைப் பற்றிய முன்கணிப்புகள் இதுவரை எப்படி முடிந்தன என்று தெரிந்தவர்கள் உறுதியாக எதையும் சொல்லத் தயங்குவார்கள்.

ஞானி மையாவின் குரலைக் கேட்க முடியுமா?

முடியும். அவர் பேசிய ஒலிப்பதிவுகளும் காணொளிகளும் உள்ளன. இணையத்தில் அவருடைய பெயரைத் தேடினால் சில கிடைக்கும். பொருள் புரியாவிட்டாலும், தகரமும் நகரமும் ககரமும் வினையின் முன்னே மாறி வருவதைக் கவனித்துக் கேட்கலாம். தாங் என்ற சொல் வந்தால், அது அவருடைய மாவட்டத்தின் பெயரன்று. அவர் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறார்.